ஏழாவது நொடி

போன தடவை நான் தவறியது
இதயத்தில் இல்லை, நுரையீரலில் இல்லை.
முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டிக்
காலைத் துள்ள வைத்ததில் முழு மதிப்பெண்.
ஆறாம் அறையில்
ஊதாச் சட்டை போட்ட நடிகை ஒருத்தியிடம்
'கணையத்தில் கட்டி, பரவியிருக்கிறது' என்று சொல்லிவிட்டு
அதே மூச்சில்
சிகிச்சை முறை மூன்றையும் அடுக்கினேன்.
அவள் அழ இடம் தேடினாள்.
நான் கொடுக்கவில்லை.

கடிதத்தில் ஒரே வரி:
தேர்வர் இடைவெளி விடவில்லை.

யீஷூனில் பதினோராவது மாடி.
வாடகை அறையின் இரண்டு கட்டில்களுக்கு நடுவே
மறுபடி எட்டு நிமிடம், மறுபடி மணி.
நோயாளி இளஞ்சேரன்.
பகலில் துவாஸ் கப்பல் பட்டறையில்
பாதுகாப்பு மேற்பார்வை.
ஒரு நோய்க்கு ஒரு பொட்டலம் மீ கோரெங்.
முட்டை வைத்திருந்தால் முனகலும் உண்டு.

இந்த மாதம் மட்டும் அவனுக்குப் பதினேழு நோய்.
தைராய்டுக்குக் கை நடுங்கச் சொன்னால்
கட்டிலையே ஆட்டுவான்.
'எப்போதிலிருந்து இந்த வலி?'
'போன சம்பளத்துக்கு முன்னாடியிலேருந்து டாக்டர்.'
'வேறு ஏதாவது கவலை?'
'ஓவர்டைம் காசைப் பிடிச்சு வச்சிருக்கானுங்க.'
டேய், அது தாளில் இல்லை.
'கவலை இருக்கான்னு நீதானே கேட்ட?'

அறைக்குள் நுழைந்ததும் கைக்கிருமிநாசினி,
தொடுமுன் கைக்கிருமிநாசினி,
தொட்டபின் கைக்கிருமிநாசினி.
விரலிடுக்கு வெடித்து
ரசம் பிசைந்தால் எரிகிறது.

பீஷான் ரயில் நிலையத்தில்
பையைத் திறக்கச் சொன்னார் காவலர்.
ரப்பர் தலைச் சுத்தியல்.
ட்யூனிங் ஃபோர்க்.
நுனி ஒடித்த ஊசிகள் ஒரு டப்பா.
விளக்கிச் சொல்ல எனக்கு
எட்டு நிமிடம் தேவைப்படவில்லை.
'கடைசியாக, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று
வாய் தவறி அவரையே கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் பே லிங் வருவாள்,
அதே தேர்வு, அவளுக்கு முதல் தடவை.
சிவப்புப் பேனாவும் அட்டையுமாகக் கதவோரம் உட்கார்வாள்.
ஹொக்கியனில் வலிக்கு 'தியா'வாம்.
மூக்கால் சொல்லு, மூக்கால், என்பாள்.
செல்லம் கொஞ்சுவதற்கும் அதே சொல்தானாம்.
எந்த வலி, எந்தச் செல்லம்
எப்படித் தெரியும் என்றேன்.
முகத்தைப் பார்த்தால் தெரியும், நீதான்
கடிகாரத்தையே பார்க்கிறாயே என்றாள்.

அதனால் இப்போது மௌனத்துக்குப் பயிற்சி.
கெட்ட செய்தி. பிறகு பத்து நொடி.
வாயைத் திறக்கக் கூடாது, நகத்தைப் பார்க்கக் கூடாது,
தலையை ஆட்டலாம், அளவாக.

மின்விசிறி.
எங்கோ ஒரு மாடியில் லிஃப்ட் நின்று திறந்து
யாரையும் ஏற்றாமல் மூடிக்கொள்கிறது.
பக்கத்து வீட்டு மீன்தொட்டியின் மோட்டார்
இத்தனை நாள் ஓடியதா?
நாலாவது நொடியில் என் வாய்
'ஆனால்' என்றது.
கீறினாள். மறுபடி.
அதற்குப் பிறகு ஐந்து. அதற்குப் பிறகு மூன்று.

நேற்று அவள் வரவில்லை.
இளஞ்சேரனுக்குக் கணையம்.
நாற்காலியை அருகே இழுத்தேன்.
சொன்னேன்.
காகிதக்குட்டைப் பெட்டியை ஒரு விரலால் நகர்த்தினேன்.
அவன் கூரையைப் பார்த்தான்.
பிறகு கண்ணை மூடினான்.
பயல் நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்தேன்.
ஆறு.
ஏழாவது நொடியில் குறட்டை.

விடிய ஐந்துக்குக் கீழே லாரி வந்து நிற்கும்.
காலணியின் இரும்பு மூக்கு
கட்டிலடியில் மின்னியது.
வலது மணிக்கட்டில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு,
பதினேழு நோய்க்கும் நாடி பார்த்த அதே மணிக்கட்டு,
என் கண்ணில் இதுவரை படவில்லை.
எட்டு, ஒன்பது, பத்து.
அதன்பிறகு எண்ணவில்லை.

தாளின் கடைசி இரண்டு வரிகள்:
நோயாளியைப் போர்த்துக. நன்றி கூறுக.
தலா அரை மதிப்பெண்.
போர்த்தினேன்.
நன்றியை அவன் காதில் விழாதபடி சொன்னேன்.
மணி அடிக்கப் போன கைப்பேசியைத்
தலையணைக்கு அடியில் போட்டு அமுக்கினேன்.

கை சுத்தம் செய்ய மறந்துவிட்டது.
பே லிங் இருந்தால்
கழித்திருப்பாள்.